வாஷிங்டனில் பூக்காலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் வர்ஜீனியாவில் இருக்கிறான். இந்த வசந்தத்துக்கு நானும் கணவரும் போகலாம் என்று இருக்கிறோம். செர்ரிப் பூ சரியாக எந்தத் தேதியில் பூக்கும்? அதைப் பார்த்துதான் விமான டிக்கெட் போட வேண்டும். (மதுரை வாசகி)

டிக்கெட் போடும் நேரத்தில் அந்தத் தேதியை யாராலும் சொல்ல முடியாது அம்மா. வாஷிங்டனில் டைடல் பேசின் என்ற ஏரி மாதிரியான நீர்நிலையைச் சுற்றித்தான் பேர்போன செர்ரி மரங்கள் நிற்கின்றன. அதில் பெரும்பாலானவை யோஷினோ வகை. யோஷினோ மொட்டுகளில் 70 சதவீதம் விரிந்த நாளைத்தான் அங்கே 'உச்சம்' என்று கணக்கு வைக்கிறார்கள். சாதாரணமாக அது மார்ச் கடைசி வாரத்திலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ வரும், ஆனால் 1990இல் மார்ச் 15க்கே வந்துவிட்டது, 1958இல் ஏப்ரல் 18 வரை இழுத்தது, 2024இல் மார்ச் 17. எல்லாம் குளிர் எப்போது விடுகிறது என்பதைப் பொறுத்தது. பூத்த பிறகும் ஒரு பலமான மழையோ காற்றோ அடித்தால் இரண்டு நாளில் மரம் காலி.

அதனால் ஒரு தேதியைக் குறிவைக்காமல், மார்ச் 20 வாக்கில் போய் இறங்கி ஏப்ரல் கடைசி வரை இருக்கிற மாதிரி போடுங்கள். மகன் வீட்டில்தானே தங்கப் போகிறீர்கள், ஓட்டல் வாடகையா கொடுக்கப் போகிறீர்கள்? யோஷினோவுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்மித்சோனியன் கோட்டைக் கட்டடத்தின் பின்னால் இருக்கும் தோட்டத்தில் மக்னோலியா பூத்துக் குலுங்கும், அதுவும் ரோஜா நிறம்தான், கூட்டமும் கம்மி. யோஷினோவைத் தவறவிட்டாலும் சுமார் இரண்டு வாரம் கழித்து குவான்சான் என்ற அடுக்குச் செர்ரி ஈஸ்ட் பொட்டோமாக் பூங்காவில் பூக்கும். என்னைக் கேட்டால் யோஷினோவைவிட அதுதான் அழகு, நம் அடுக்குமல்லி மாதிரி இதழ் இதழாக இருக்கும்.

கேள்வி: கூட்டம் பயங்கரமாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு முட்டி வலி வேறு. காரில் போய் பக்கத்திலேயே இறங்க முடியாதா? (கோவை வாசகர்)

பூ உச்சத்தில் இருக்கும் சனி ஞாயிறில் காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள், பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும், மிச்ச நேரத்தில் மகனும் நீங்களும் சண்டைதான் போடுவீர்கள். வார நாளில், விடியும்போது அங்கே இருக்கிற மாதிரி மெட்ரோ ரயிலில் போங்கள். கடிகாரத்தை மார்ச்சிலேயே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள் என்பதால் அந்தச் சமயம் சூரியனே ஏழு மணி சுமாருக்குத்தான் வரும், ஆக ரொம்பச் சீக்கிரம் எழுந்திருக்கவும் தேவையில்லை. ஸ்மித்சோனியன் நிலையத்தில் இறங்கினால் நிதானமாக நடந்து போய்விடலாம்.

பேசினை முழுதாகச் சுற்ற இரண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். முட்டி வலிக்காரர் முழுச் சுற்றும் போகத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? மார்ட்டின் லூதர் கிங் சிலையிலிருந்து ரூஸ்வெல்ட் நினைவிடம் வரை நடந்தாலே போதும், தண்ணீரும் பூவும் எதிர்க்கரையில் ஜெஃபர்சன் நினைவு மண்டபமும் சேர்ந்து தெரியும். ரூஸ்வெல்ட் நினைவிடத்தில் கழிவறையும் இருக்கிறது, நம் வயதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதுதானே. பேசின் கரையில் இருக்கும் தடுப்புச்சுவரைப் புதிதாகக் கட்டும் வேலை 2024இல் ஆரம்பித்தது, அதற்காக 100க்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை வெட்டினார்கள், அதனால் பழைய படங்களில் பார்த்த மாதிரியே எல்லா இடமும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு கொத்து பறித்து சாமி படத்துக்கு வைக்கலாமா? (சேலம் வாசகி)

கூடாது. ஒரு பூவைக் கிள்ளினாலும் அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாகத்தான் கணக்கு. கிளையை வளைத்துப் பிடித்துப் படம் எடுப்பதும் வேண்டாம்.

கேள்வி: ஜப்பான் மரம் அமெரிக்காவுக்கு எப்படி வந்தது? (தஞ்சாவூர் மாணவி)

நல்ல கேள்வி. எலைசா சிட்மோர் என்ற பெண் எழுத்தாளர் ஜப்பான் போய்வந்து, 1885இலிருந்து வாஷிங்டனில் இந்த மரத்தை நடுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1909இல் அதிபரின் மனைவி ஹெலன் டாஃப்டுக்கு எழுதினார், அப்புறம்தான் வேலை நடந்தது. டோக்கியோ நகரம் அனுப்பிய முதல் 2,000 மரங்கள் 1910இல் வந்து சேர்ந்தபோது பூச்சியும் நோயும் இருந்ததால் அத்தனையையும் எரித்துவிட்டார்கள். அன்பளிப்பாக வந்ததைக் கொளுத்தினால் கொடுத்தவருக்கு எப்படி இருக்கும்! ஆனால் டோக்கியோ மேயர் யுகியோ ஓசாகி கோபித்துக்கொள்ளாமல் 1912இல் 3,020 மரங்களை மறுபடி அனுப்பினார். அந்த மார்ச் 27இல் ஹெலன் டாஃப்டும் ஜப்பான் தூதரின் மனைவியும் முதல் இரண்டு கன்றுகளை நட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய சில நாளில் யாரோ நான்கு மரங்களை வெட்டிப் போட்டார்கள். அதே சமயம் டோக்கியோவில், இந்த மரங்களுக்குத் தாயான ஆற்றங்கரைத் தோப்பு போர்க்காலத்தில் கவனிப்பாரில்லாமல் நலிந்துபோனது. 1952இல் வாஷிங்டனிலிருந்து ஒட்டுக்குச்சிகள் அனுப்பித்தான் அதை மீட்டார்கள். அதாவது கொடுத்த மரமே திரும்பிப் போய்த் தாய்த் தோப்பைக் காப்பாற்றியது.

கேள்வி: அந்த உயரமான வெள்ளைத் தூணின் உச்சிக்குப் போக முடியுமா? (திருச்சி வாசகர்)

முடியும், லிஃப்ட் உண்டு. வாஷிங்டன் நினைவுத்தூண் 555 அடி. இணையத்தில் முன்பதிவு செய்தால் தலைக்கு ஒரு டாலர் கட்டணம், பூக்காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும், மகனிடம் சொல்லி முன்னாலேயே போட்டுவிடுங்கள். கீழே நிற்கும்போது 150 அடி உயரத்துக்கு மேல் கல்லின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். 1848இல் தொடங்கிய வேலை பணமில்லாமல் நின்று, உள்நாட்டுப் போரும் வந்து, பல வருஷம் மொட்டையாகவே கிடந்தது. திரும்பத் தொடங்கியபோது கல் வேறு குவாரியிலிருந்து வந்தது. 1884இல்தான் முடித்தார்கள்.

கேள்வி: பேரன் பேத்தியோடு போகிற மாதிரி அருவி, காடு ஏதாவது பக்கத்தில் உண்டா? (நெல்லை வாசகர்)

கிரேட் ஃபால்ஸ். பொட்டோமாக் ஆறு பாறைகளுக்குள் புகுந்து இடித்துக்கொண்டு விழுகிற இடம், நகரத்திலிருந்து காரில் எட்டிவிடும் தூரம். வர்ஜீனியா பக்கமாகப் போனால் கார் நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பார்வை மேடைகள் இருக்கின்றன, சக்கர நாற்காலியும் போகும். வசந்தத்தில் தண்ணீர் ஜாஸ்தி. ஆனால் நெல்லைக்காரர் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அருவியைப் பார்த்ததும் துண்டை எடுக்கக் கூடாது. அங்கே ஆற்றில் இறங்கவே தடை, மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் ஆளை இழுத்துவிடும். பேரப்பிள்ளைகளைப் பாறை ஓரம் விடாதீர்கள்.

ஏப்ரல் நடுவில் போகிறவர்கள் தேசிய மரப்பூங்காவையும் பாருங்கள், அனுமதி இலவசம். அங்குள்ள போன்சாய் காட்சியில் 1625இலிருந்து வளர்க்கப்பட்ட ஒரு பைன் மரம் தொட்டியில் நிற்கிறது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்த ஊரிலேயே இருந்து பிழைத்த மரம்.

கேள்வி: ஸ்வெட்டர் வேண்டுமா? (சென்னை வாசகி)

வேண்டும். காலையில் விறைக்கும், மதியம் வியர்க்கும், மறுநாள் மழை. கனமான ஒரே கோட்டுக்குப் பதில் கழற்றிப் போட வசதியாக இரண்டு மூன்று அடுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், புடவைக்குள்ளே சாக்ஸும் ஷூவும் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏப்ரலில் ஓக் மரத்து மகரந்தம் காரின் மேலெல்லாம் மஞ்சள் பொடியாகப் படியும், இளைப்பு இருப்பவர்கள் மருந்தை இங்கிருந்தே மருத்துவர் சீட்டோடு கொண்டுபோய்விடுங்கள்.