குன்னூர் குளிரில் ரீஃப் டேங்க்: பி.எச். இறங்கினால் பவுடரைத் தேடாதீர்கள்

கேள்வி: வீடு குன்னூரில். 4 அடி பவளத் தொட்டி (ரீஃப் டேங்க்), கீழே உள்ள வடிகட்டித் தொட்டியான சம்ப்போடு சேர்த்து 250 லிட்டர். உப்புநீர் நிரப்பி இரண்டு மாதம் ஆகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். மென்பவளங்கள் சில வைத்திருக்கிறேன். காலையில் பி.எச். (அமில-கார அளவு) 7.7 காட்டுகிறது. காரம் ஏற்றும் பஃபர் பவுடர் போட்டால் ஏறி, மறுநாள் பழையபடி இறங்கிவிடுகிறது. ஆல்கலினிட்டி (நீரின் கார இருப்பு) 12 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) ஆகிவிட்டது. உப்பும் ஏறிக்கொண்டே போகிறது. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்ப் இரண்டு இருந்தும் பாறைக்குப் பின்னால் அழுக்கு சேருகிறது. எங்கிருந்து தொடங்குவது? ராமேஸ்வரம் போகும்போது கொஞ்சம் கடல்பாறை எடுத்து வரலாமா?

பதில்: பஃபர் பவுடரை இன்றே நிறுத்துங்கள். ஆல்கலினிட்டி 12 இருந்தும் பி.எச். 7.7-இல் நிற்கிறது என்றால் தண்ணீரில் காரம் குறையவில்லை, கரியமில வாயு மிகுந்திருக்கிறது என்று பொருள். அது நீரில் அமிலமாகி பி.எச்.-ஐ இறக்கும். அதற்கு மேலும் காரம் கொட்டினால் கால்சியமும் அதுவும் சேர்ந்து சுண்ணாம்பாக இறங்கும். ஹீட்டரிலும் பம்ப்பிலும் வெள்ளைப் படிவு, மணல் கட்டிதட்டுவது எல்லாம் அப்படி வருபவைதான்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். காலையில் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் எடுத்து பி.எச். குறித்துக்கொள்ளுங்கள். வெயில் வந்ததும் டம்ளரை வாசலில் வைத்து, சிறிய ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் காற்று விட்டு மறுபடி பாருங்கள். இன்னொரு டம்ளருக்கு அதே வேலையை வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். வெளியே நன்றாக ஏறி உள்ளே ஏறவில்லை என்றால் குற்றவாளி அறைக் காற்று. இரண்டிலும் ஏறினால் தொட்டியின் மேற்பரப்பு போதிய அளவு அசையவில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். 25 டிகிரி கடல்நீர் சென்னையில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். உங்கள் ஊரில் அதே நீருக்கு 5.4-தான் உச்சம். விளக்கு அணைந்த பிறகு மீன், பவளம், பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன. சமவெளியில் இருக்கும் அந்த மிச்ச ஆக்சிஜன் உங்களுக்கு இல்லை. ஆனால் கரியமில வாயுவின் அழுத்தமும் மலைக் காற்றில் அதே விகிதத்தில் குறைவு. அதாவது வெளிக்காற்று தாராளமாகக் கிடைத்தால் உங்கள் பி.எச். கடலோரத்துத் தொட்டியைவிட ஒரு துளி அதிகமாகவே நிற்க வேண்டும். நிற்காததற்குக் காரணம் மார்கழிக் குளிருக்கு இறுகச் சாத்திய ஜன்னல்கள், உள்ளே மூச்சுவிடும் ஆட்கள், சமையல் அடுப்பு. கரி அடுப்பு மூட்டும் வழக்கம் இருந்தால் அதை உடனே விடுங்கள். மூடிய அறையில் அது மனித உயிருக்கே ஆபத்து.

ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேவையும் இல்லை. ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் கழிவை நுரையாக நீக்கும் கருவி) காற்று இழுக்கும் குழாயோடு ஒரு சிலிகான் ட்யூபை இணைத்து ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே விடுங்கள். நாள் முழுக்க வெளிக்காற்று நீரோடு கலக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாளில் மட்டும் ட்யூபை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீரோட்டம். மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டி அளவைப்போல் 15 முதல் 20 மடங்கு போதும். 250 லிட்டருக்கு 4,000 முதல் 5,000 லிட்டர். சம்ப்பிலிருந்து திரும்பி வரும் ஓட்டம் மணிக்கு 1,000 லிட்டர் இருந்தால் சரி. எண்களைவிட வேவ்மேக்கர் எங்கே பார்க்கிறது என்பதுதான் முக்கியம். ஒன்றை மேல்நோக்கிச் சாய்த்து, மேற்பரப்பு முழுவதும் நெளியும்படி வையுங்கள். குமிழி அடிக்க வேண்டாம், நெளிந்தால் போதும். எண்ணெய்ப் படலம்போல் எதுவும் மேலே தேங்கக் கூடாது. அது வாயு போக்குவரத்தை அடைத்துவிடும். இன்னொன்றைப் பின்கண்ணாடி ஓரமாக, பாறைக்குப் பின்னால் நீர் ஓடும்படி திருப்புங்கள். பாறை கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் எந்தப் பம்ப்பும் அங்கே எட்டாது. நான்கு விரற்கடை இடைவெளி விட்டு மறுபடி அடுக்குங்கள். இரண்டும் மாறி மாறி ஓடட்டும். பவளத்தின் பாலிப்புகள் அங்கும் இங்கும் ஆட வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்தே இருந்தால் ஓட்டம் நேராக அடிக்கிறது, திருப்பிவிடுங்கள்.

உப்பு ஏறுவதற்கு வருவோம். மூடுபனி ஊரில் தண்ணீர் ஆவியாகாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. 12 டிகிரி அறையில் 25 டிகிரி தண்ணீர் இருந்தால், காற்று ஈரமாக இருந்தாலும் அது வேகமாக ஆவியாகும். புழுக்கமான சென்னை வீட்டைவிடக் குன்னூர் வீட்டில்தான் தொட்டி சீக்கிரம் வற்றும். உப்பு ஆவியாகாது. தினம் 4 லிட்டர் போனால் 35 (ஆயிரத்தில் பங்கு) இருந்த உப்பளவு இரண்டே நாளில் 36-ஐத் தாண்டிவிடும். குறைந்ததற்கு உப்புநீர் ஊற்றுகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். ஊற்ற வேண்டியது நல்ல நீர் மட்டுமே. ஆவியான அளவுக்கு நல்ல நீரைத் தானே ஊற்றும் ஆட்டோ டாப்-அப் கருவிதான் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது. மூடியை இறுக்கிப் போட்டு ஆவியைத் தடுக்கப் பார்த்தால் மேலே சொன்ன வாயுப் பிரச்சினை திரும்ப வரும்.

அந்த நல்ல நீர் எது? நீலகிரித் தண்ணீர் மென்மையானது, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டரில் குறைவாகவே காட்டும். அதை நம்பி நேராக ஊற்றாதீர்கள். தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிர ஆக்சிகுளோரைடு தெளிக்கிறார்கள். மழையில் அது ஓடைக்கும் கிணற்றுக்கும் இறங்கலாம். பவளம், இறால், நத்தை இவற்றுக்குத் தாமிரம் மிகச் சிறிய அளவிலும் விஷம், டி.டி.எஸ். மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. ஆர்.ஓ., அதன் பின் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின், முடிவில் டி.டி.எஸ். பூஜ்யம்: இதில் சமரசம் வேண்டாம். சமையலறை ஆர்.ஓ. நீர் இதற்கு உதவாது. அதில் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள், சில மாடல்களில் தாமிரத்தையே சேர்க்கிறார்கள். குளிருக்குப் பயந்து கீசர் தண்ணீரில் உப்புக் கரைப்பதும் கூடாது. சில கீசர்களின் உள்தொட்டி தாமிரம். குளிர்ந்த ஆர்.ஓ.-டி.ஐ. நீரையே ட்ரம்மில் ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, பம்ப் ஓட விட்டு உப்புக் கரையுங்கள். குளிரில் ஆர்.ஓ. மெம்பிரேன் மெதுவாகத்தான் நீர் தரும். அது பழுதல்ல.

இனி 12 டி.கே.எச். வாரம் 10 சதவீதம் நீர் மாற்றி வந்தால் தானாக இறங்கும், அவசரப்படுத்த வேண்டாம். புதிதாகக் கரைத்த உப்புநீரின் ஆல்கலினிட்டியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். சில உப்புகள் தொடக்கத்திலேயே 11, 12 காட்டும். தொட்டியில் ஆல்கலினிட்டி 8-ஐ ஒட்டி நிற்கட்டும். லிட்டருக்குக் கால்சியம் 420, மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில் இருந்தால் இரண்டையும் மறந்துவிடலாம். சில மென்பவளங்கள் மட்டும் இருக்கும் தொட்டிக்கு நீர் மாற்றமே போதும். பின்னாளில் ஆல்கலினிட்டி 7-க்குக் கீழே போனால், 250 லிட்டருக்கு 1 டி.கே.எச். ஏற்ற சமையல் சோடா 7.5 கிராம் போதும். பேக்கிங் பவுடர் அல்ல. ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். லிட்டருக்கு நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 மில்லிகிராம் என்று கொஞ்சம் இருப்பது நல்லது. பூஜ்யமாக்கினால் வழவழப்பான டைனோ பாசி பிடிக்க வாய்ப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் மணிக்கணக்கில் போகும் ஊர் உங்களுடையது. ஹீட்டரை இன்வெர்ட்டர் நெடுநேரம் தாங்காது. ஒரு வேவ்மேக்கரைத் தாங்கும், அதை மேற்பரப்பைப் பார்க்கும் பம்ப்புக்கே கொடுங்கள். பின்புறமும் பக்கங்களும் தெர்மோகோல் ஒட்டினால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். ஹீட்டர் ஒன்று பெரிதாக வேண்டாம், 200 வாட்டில் இரண்டு, தனி கன்ட்ரோலரோடு.

ராமேஸ்வரம் பாறைக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். பாறை உருவாக்கும் கடினப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த பவளத் துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி ஏற்கெனவே நிறைய அழித்துவிட்டோம். நுண்துளை உள்ள செராமிக் பாறை வாங்கி, உங்கள் பழைய பாறைகளோடு சம்ப்பில் ஒன்றிரண்டு மாதம் போட்டுவையுங்கள். அதே பாக்டீரியா அதிலும் குடியேறிவிடும்.