கைபேசியில் பாடம்: தேர்ந்தெடுப்பது யார்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். பாடநூலில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீடுகளை ஸ்கேன் செய்து காணொளிகளைப் பார்த்து வரும்படி ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சொல்கிறேன். பார்க்கிறார்கள், ஆனால் மறுநாள் கேட்டால் விழிக்கிறார்கள். இணையக் கருவிகளைக் கொண்டு அவர்களைத் தாமாகப் படிக்கவைக்க முடியுமா?
– ஆசிரியை ஒருவர், மன்னார்குடி

பதில்: முடியும், ஆனால் இப்போது நடப்பது அதுவன்று. எந்தக் காணொளி, எந்த நாள் என்று எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்துவிட்டு, பார்க்கும் வேலையை மட்டும் மாணவரிடம் விட்டிருக்கிறீர்கள். எதைக் கற்கப் போகிறோம் என்று முன்கூட்டித் திட்டமிடுவது, கற்கும்போது தம்மைத் தாமே கவனிப்பது, முடித்தபின் எங்கே தடுமாறினோம் என்று திரும்பிப் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே தாமாகக் கற்றல் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் வகுத்துக் காட்டினார். காணொளி, இம்மூன்றில் நடுவில் உள்ளதற்கு மட்டுமே ஓரளவு உதவும். முன்னதும் பின்னதும் நோட்டுப் புத்தகத்தில் நடக்க வேண்டியவை.

எனவே, கைபேசியைத் திறக்கும் முன் தனக்குப் புரியாதது எது என்று மாணவர் ஒரு வரி எழுதட்டும். பார்த்து முடித்தபின், கைபேசியையும் புத்தகத்தையும் மூடிவைத்துவிட்டு, நினைவில் நிற்பதை எழுதட்டும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உங்கள் மாணவர்கள் காணொளி முடிந்தவுடன் ‘புரிந்தது’ என்று சொல்வதும் பொய்யன்று. அந்த நேரத்தில் அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

காணொளியைவிட, தொட்டு மாற்றிப் பார்க்கக்கூடிய கருவிகளையே நான் பரிந்துரைப்பேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ (PhET) இணையதளத்தில் மின்சுற்றைத் தாமே இணைத்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. தொடரிணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பின் ஒளி என்ன ஆகும் என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். ஊகம் பொய்த்த மாணவர்தான் அடுத்த கேள்வியைத் தாமாகக் கேட்பார்.

கேள்வியையே மாணவரிடம் விடுவது இதற்கு அடுத்த படி. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கும் தம் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் ஆகிறது, கடைமடைக்கு மட்டும் ஏன் தாமதமாகிறது என்று டெல்டாவில் வளரும் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றாமல் இருக்காது. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தியில் வருகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரியும் இடத்தையும் அங்கிருந்து ஊர் வரையிலான தூரத்தையும் இணைய வரைபடத்தில் அளக்கலாம். இவற்றை எக்செல் போன்ற அட்டவணையில் பதிந்து கோட்டு வரைபடமாக்கலாம். தாத்தா சொல்லும் கணக்கும் அட்டவணையும் ஒத்துப்போகாத இடத்தில் விவாதம் தானாகவே பிறக்கும். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் மறுபடியும் அது உங்கள் பாடமாகிவிடும்.

கேள்வி: வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. நான் வேலை முடிந்து வந்தபிறகுதான் மகனுக்குக் கிடைக்கும். அவன் பின்தங்கிவிடுவானோ?
– தந்தை ஒருவர், பாபநாசம்

பதில்: கவலை வேண்டாம். மேலே சொன்ன முறையில் கைபேசி தேவைப்படும் நேரம் மிகக் குறைவு. பகலில் சந்தேகங்களை எழுதிவைத்து, இரவில் அவற்றுக்கு மட்டும் தேடட்டும். அரசின் ‘தீக்‌ஷா’ கல்விச் செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத நேரத்திலும் பார்க்கலாம்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். சாட்ஜிபிடியிடம் கேட்டால் எந்தக் கணக்குக்கும் விடை தருகிறது. அதை வைத்தே படிக்கலாமா?
– மாணவி ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: விடைக்காக அதனிடம் போகாதீர்கள். முதலில் நீங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிக்கிய வரியை அப்படியே கொடுத்து, ‘விடை சொல்லாதே, அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு’ என்று கேளுங்கள். தவறான விடையையும் அது தயங்காமல், நயமாகச் சொல்லிவிடும் என்பதால், வந்த விடையைப் பாடநூலோடு ஒத்துப்பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உயிரியல் பெயர்கள், வேதியியல் வாய்பாடுகள் போன்று மனப்பாடம் செய்தே தீர வேண்டியவற்றுக்கு ‘அன்கி’ செயலி பொருந்தும். நீங்கள் மறக்கக்கூடிய இடைவெளியைக் கணித்து, கேள்வி-பதில் அட்டைகளை அது திரும்பக் காட்டும். ஆண்ட்ராய்டில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பிறர் தயாரித்த அட்டைகளைப் பதிவிறக்காமல் நீங்களே எழுதுங்கள். நாளொன்றுக்குப் பத்து அட்டைகள் போதும், அதற்கு மேல் சேர்த்தால் சில வாரங்களிலேயே திருப்பிப் பார்க்க வேண்டியவை குவிந்து, செயலியைத் திறக்கவே மனம் வராது.