தவணை ஓடும்போது மேல்வகுப்பு: டிஸ்னிலாண்ட் பாஸ் கேள்வி-பதில்

கலிபோர்னியா டிஸ்னிலாண்டின் வருடாந்தர பாஸுக்கு மேஜிக் கீ என்று பெயர். கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "மாதத் தவணையில் டிஸ்னிலாண்ட் மேஜிக் கீ வாங்கியிருக்கிறேன். தவணை முடியவில்லை. அதற்குள் அடுத்த வகுப்புக்கு மாறலாமா?" மாறலாம். மாறினால் லாபமா என்பதற்குத்தான் ஆளுக்கொரு பதில். ஆகவே சில கடிதங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

கணக்குக்கு 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட விலைப்பட்டியலை வைத்துக்கொள்கிறேன். கீழ்வகுப்பிலிருந்து மேலே: இமாஜின் 599 டாலர், என்சான்ட் 974, பிலீவ் 1,374, இன்ஸ்பயர் 1,749. அதன்பின் விலை ஏறியிருக்கிறது, இன்றைய எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

என்சான்ட் வைத்திருக்கிறேன். ஐந்து தவணை கட்டியாயிற்று, ஏழு பாக்கி. பிள்ளைகளின் விடுமுறை நாட்களில் பாதி என் பாஸ் செல்லாத தடை நாட்களாக இருக்கின்றன. இப்போது பிலீவுக்கு மாறினால் மாதத்துக்கு எவ்வளவு கூடும்? – இர்வைன் வாசகி

இரண்டு பாஸுக்கும் விலை வித்தியாசம் 400 டாலர். அதை மீதமுள்ள ஏழு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 57 டாலருக்குச் சற்று அதிகம். முதல் நாளே பிலீவ் வாங்கியிருந்தால் இதே 400 பன்னிரண்டு மாதத்துக்குப் பரவி, மாதம் 33 டாலராக இருந்திருக்கும். வட்டி இல்லாத தவணைதான், யாரும் உங்களிடம் கூடுதலாக எதையும் பறிக்கவில்லை. ஆனால் மேல்வகுப்புக்கு மாறினாலும் பாஸ் முடியும் தேதி தள்ளிப்போவதில்லை. பழைய பாஸ் என்று முடிகிறதோ, புதியதும் அன்றே முடியும். ஐந்து மாதம் தாமதித்தவருக்கு ஐந்து மாதக் கழிவு கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்டாதீர்கள். முழு வித்தியாசத்தையும் வைத்தே கணக்குப் பாருங்கள்.

கவுன்டரில் நின்று "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: இன்று கையிலிருந்து போவது எவ்வளவு, அடுத்த தவணையிலிருந்து மாதம் எவ்வளவு, எல்லாம் முடியும்போது மொத்தம் எவ்வளவு. மூன்றையும் தாளில் எழுதிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வித்தியாசம் முழுவதும் இன்றைக்கே கார்டில் பிடிக்கப்பட்டாலும் சரி, தவணைகளில் ஏற்றப்பட்டாலும் சரி, தொகை ஒன்றுதான். அடுத்த மாத வாடகைக்கு வைத்திருக்கும் பணத்தைப் பொறுத்தவரை மட்டும் இரண்டும் ஒன்றல்ல.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். உங்கள் பாஸுக்குத் தடையாகவும் பிலீவுக்குத் திறந்தும் இருக்கும் நாட்களில் நீங்கள் நிஜமாகவே போகப்போவது எத்தனை? நாட்காட்டியை எடுத்துப் பென்சிலால் வட்டம் போடுங்கள். "போகலாம்" என்று தோன்றும் நாளுக்கு வட்டம் வேண்டாம், பள்ளி, வேலை, நீச்சல் வகுப்பு, உறவினர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் போக மீந்திருக்கும் நாளுக்கு மட்டும் போடுங்கள். பாஸ் வைத்திருப்பவரும் தடை நாளில் சாதாரண ஒருநாள் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். அதே விலைப்பட்டியலில் ஒரு பூங்காவுக்கான ஒருநாள் டிக்கெட், நாளைப் பொறுத்து 104 முதல் 206 டாலர் வரை. கூட்டம் மிகுந்த நாளின் உச்ச விலையையே எடுத்துக்கொண்டாலும் 400 டாலருக்கு ஏறக்குறைய இரண்டு டிக்கெட். ஆக, ஒரு வட்டம் என்றால் டிக்கெட் வாங்குங்கள். இரண்டு என்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்யலாம். மூன்று, நான்கு என்றால் தயங்காமல் மாறுங்கள். பாஸ் இருந்தாலும் போகும் நாளை முன்பதிவு செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளும் அந்த முன்பதிவுகளும் நான்கிலிருந்து ஆறாகும், வார இறுதிகளுக்கு முன்கூட்டியே இடம் பிடிப்பவர்களுக்கு அது உதவும்.

பாஸ் முடிய மூன்றே மாதம் இருந்திருந்தால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். மாதத்துக்கு 133 டாலர் கூடுதலாகக் கட்டுவதைவிடப் புதுப்பிக்கும்போது பிலீவ் எடுத்துக்கொள்வதே மேல். நானே ஒரு வருடம் ஏப்ரலில் நான்கு பேருக்கும் சேர்த்து மாறினேன். அந்தக் கோடையில் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவராகப் படுத்ததில் ஒரே ஒரு முறைதான் போக முடிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

நாங்கள் ஐந்து பேர், எல்லோருக்கும் பிலீவ். பார்க்கிங் இலவசம் என்பதால் ஐந்து பேரையும் இன்ஸ்பயருக்கு மாற்ற வேண்டும் என்கிறார் கணவர். சரியா? – செரிட்டோஸ் வாசகி

உங்கள் கணவரிடம் கேளுங்கள்: எத்தனை காரில் போகிறீர்கள்? ஒரு காருக்கு ஒரு பார்க்கிங் கட்டணம்தான். காரில் இருப்பவர்களில் ஒருவரிடம் இன்ஸ்பயர் இருந்தால் போதும், ஐந்து பேருக்கு மாற்றுவது 1,875 டாலர் செலவு. கடைகளிலும் உணவகங்களிலும் கிடைக்கும் தள்ளுபடியும் அப்படியே: பில்லைக் கட்டுபவரிடம் உயர்ந்த பாஸ் இருந்தால் மேசை முழுவதற்கும் பொருந்தும்.

அந்த ஒருவருக்காவது மாற்றலாமா? பிலீவில் பார்க்கிங் பாதி விலை. அந்த விலைப்பட்டியல் காலத்தின் 35 டாலர் கட்டணத்தில் நீங்கள் கட்டுவது 17 டாலர் 50 சென்ட். விலை வித்தியாசம் 375 டாலர். பார்க்கிங்கால் மட்டுமே அதை மீட்க 22 முறை போக வேண்டும். மாதம் இரண்டு முறை தவறாமல் போகிறவர் என்றால், அதுவும் வருடத் தொடக்கத்திலேயே மாறினால், ஒத்துவரும். பாதி வருடம் கழிந்த பிறகு ஒத்துவராது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: இரண்டு பாஸிலும் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய முன்பதிவு ஆறுதான். இன்ஸ்பயர் வாங்கினால் முன்பதிவு கூடும் என்று நினைத்தே பலர் வாங்குகிறார்கள்.

இன்ஸ்பயர் வாங்கினால் எந்த நாளும் போகலாம்தானே? – சான் டியேகோ வாசகர்

இல்லை. இரண்டு காரணம். ஒன்று, கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்கள் இன்ஸ்பயருக்கும் தடை. இரண்டு, தடை இல்லாத நாளிலும் முன்பதிவு கிடைத்தால்தான் உள்ளே போக முடியும்.

இதற்குப் பின்னே ஒரு கதை இருக்கிறது. பழைய வருடாந்தர பாஸ் திட்டத்தை 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டு, அந்த ஆகஸ்டில் மேஜிக் கீயைக் கொண்டுவந்தார்கள். அதன் உச்சியில் இருந்தது ட்ரீம் கீ. விலை 1,399 டாலர், தடை நாளே கிடையாது என்று விளம்பரம். வாங்கியவர்கள் நவம்பரில் முன்பதிவு செய்யப் போனால் பல நாட்கள் அடைத்துக் கிடந்தன, அதே நாட்களுக்கு ஒருநாள் டிக்கெட் விற்பனையில் இருந்தது. வழக்குத் தொடரப்பட்டது. தவறு செய்ததாக டிஸ்னி ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 2023இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பாஸ்காரர்களுக்குப் பங்கிட்டதில் ஆளுக்குச் சுமார் 67 டாலர் வந்தது. கார் நிறுத்த இரண்டு நாள் செலவு! 2022இல் ட்ரீம் போய் இன்ஸ்பயர் வந்தபோது, தடை நாட்களும் கூடவே வந்தன. ஆகவே மேல்வகுப்புக்குப் பணம் கட்டும் முன், உங்களுக்கு வேண்டிய நாளில் அந்த வகுப்புக்கு முன்பதிவு இடம் இருக்கிறதா என்று நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். பாஸ் வகைவாரியாகப் பார்க்க வசதி இருக்கிறது.

டெக்சஸுக்கு மாற்றலாகிப் போகிறேன். இன்னும் எட்டுத் தவணை. ரத்து செய்தால் விட்டுவிடுவார்களா? – ஆனஹைம் வாசகர்

விடமாட்டார்கள். மாதத் தவணையை நாம் தொலைபேசிக் கட்டணம்போல நினைத்துக்கொள்கிறோம், வேண்டாமென்றால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்று. இது அப்படியல்ல. முழு வருடத்துக்கான பாஸை வாங்கிவிட்டீர்கள், முன்பணம் போக அதன் மீதி விலையைப் பன்னிரண்டு துண்டாகத் திருப்பிக் கட்டுகிறீர்கள். குளிர்சாதனப் பெட்டியைத் தவணையில் வாங்கிவிட்டு ஊர் மாறினால் தவணை நிற்குமா? கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வசதி என்பது வாங்கும் நாளுக்கான நிபந்தனை, நீங்கள் மாநிலம் மாறினால் கடன் கரைந்துபோகாது. பாஸை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது.

கார்டை மூடிவிட்டால் தீர்ந்தது என்று நண்பர் யாராவது யோசனை சொல்லியிருந்தால் கேட்காதீர்கள். பாஸ் முடங்கும், பாக்கி அப்படியே நிற்கும், பிறகு புது ஊரில் வீட்டுக்கடன் கேட்கும் நேரம் பார்த்து அது தலைகாட்டலாம். கிளம்பும் முன் மிச்சமிருக்கும் நாட்களில் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். கட்டப்போகும் பணம்தானே.

அம்மாவும் அப்பாவும் கோயம்புத்தூரிலிருந்து மூன்று மாதம் வருகிறார்கள். அவர்களுக்கும் தவணையில் இமாஜின் வாங்கி, பிடித்திருந்தால் மேலே மாற்றலாம் என்று நினைக்கிறேன். – டஸ்டின் வாசகர்

இமாஜின் தெற்குக் கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே, அதற்கு முகவரிச் சான்று கேட்பார்கள். சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு அது கிடையாது. மற்ற வகைகளை முழுப்பணம் கொடுத்து வாங்கலாம்தான், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு வருடப் பணமா?

"பல நாள் டிக்கெட்" மலிவாகத் தெரியும். அதிலும் ஒரு முள் இருக்கிறது: முதல் நாள் பயன்படுத்திய பிறகு 13 நாட்களுக்குள் மற்ற நாட்களையும் தீர்த்துவிட வேண்டும். எழுபதை நெருங்கும் பெற்றோர் மாதம் ஒருமுறை நிதானமாக வர வேண்டும் என்றால் அது உதவாது. வார நாளில், பள்ளி நடக்கும் காலத்தில், விலை குறைந்த ஒருநாள் டிக்கெட்டாகத் தனித்தனியே வாங்குங்கள். இன்னும் ஒன்று: 1955இல் திறந்த பழைய பூங்காவுக்கே முதலில் கூட்டிப்போங்கள். மரநிழலும், உட்கார்ந்தபடியே பூங்காவைச் சுற்றிவரும் ரயிலும் அங்கேதான் இருக்கின்றன. எதிரிலுள்ள கலிபோர்னியா அட்வென்ச்சர் இளசுகளுக்கு. என் மாமியார் அந்த ரயிலில் மூன்று சுற்று வந்துவிட்டு "இது போதும், இறங்கி நடக்கச் சொல்லாதே" என்றார்.

அவர்களில் ஒருவர் கிரீன் கார்டு வாங்கி இங்கேயே தங்கிவிட்டால், அப்போது கணக்கை மறுபடி போடலாம்.

இங்கே எனக்கு இமாஜின் என்ற வகையே காட்டவில்லை. கணினிக் கோளாறா? – ஃப்ரீமான்ட் வாசகர்

கோளாறு இல்லை. 90000 முதல் 93599 வரையிலான அஞ்சல் எண்களுக்குத்தான் இமாஜின். உங்களுடையது 945இல் தொடங்குகிறது. தவணை வசதி மட்டும் உங்களுக்கும் உண்டு. ஏறக்குறைய 600 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருடத்தில் எத்தனை முறை போவீர்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று முறை முன்பதிவு செய்துவிட்டுப் போகவில்லை. இப்போது முன்பதிவே செய்ய முடியவில்லை. மேல்வகுப்புக்கு மாறினால் சரியாகுமா? – லாங் பீச் வாசகி

90 நாட்களுக்குள் மூன்று முறை போகாமல் விட்டால் 30 நாட்களுக்குப் புதிய முன்பதிவு கிடையாது. எல்லா வகுப்புக்கும் இதே விதிதான். தடை நீங்கும் என்று நம்பி 400 டாலரைக் கொட்டாதீர்கள், முப்பது நாள் பொறுங்கள். போக முடியாதென்று தெரிந்தால் முந்தின இரவு 11.59க்குள் ரத்து செய்துவிட்டால் அது கணக்கில் சேராது. இரவு சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவும் நேரத்துக்கு ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மேலே மாறியது வீண் என்று தெரிகிறது. தவணை நடுவில் கீழே இறங்கலாமா? – பெயர் வேண்டாம் என்றவர்

நடுவில் முடியாது. புதுப்பிக்கும்போது இறங்கலாம். புதிய விற்பனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் காலத்திலும் பழைய பாஸ்காரர்களுக்குப் புதுப்பிக்க வழிவிட்டிருக்கிறார்கள், 2022இல் அப்படித்தான் நடந்தது. ஆகவே "விட்டால் இனிக் கிடைக்காது" என்று பயந்து உயர்ந்த வகுப்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மகளுக்கு செப்டம்பரில் மூன்று வயது. எங்கள் தவணையோடு அவளையும் இப்போதே சேர்த்துவிடவா? – சாந்தா அனா வாசகி

வேண்டாம். மூன்று வயது ஆகும்வரை அவளுக்கு டிக்கெட்டே இல்லை. பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை இலவசமாகக் கூட்டிப்போய்விட்டு, பிறகு வாங்குங்கள். மேஜிக் கீயில் குழந்தைக்கென்று தனி விலை கிடையாது, உங்களுக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவே. அவளுடைய பாஸ் முடியும் தேதி உங்களுடையதிலிருந்து மாறுபடும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.