பேப்பூர் துறையும் பவானிக் கரையும்

கேள்வி: மலை ரயில் வருமுன் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் எந்த வழியாக வந்தது? இப்போது இன்ஜின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது? (வாசகர், குன்னூர்)

பதில்: மேற்குக் கடற்கரையின் பேப்பூரில் தொடங்கிய பாதை 1862-ல் போத்தனூரைத் தொட்டது. பெயர்தான் பேப்பூர், நிலையம் இருந்தது ஆற்றின் தென்கரையில், சாலியத்தில். போத்தனூரிலிருந்து பவானிக் கரையிலுள்ள மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை 1873-ல் வந்தது. அதற்கு மேல் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும்தான். 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் மீட்டர்கேஜ் பாதை ஏறியது.

கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி என்கிற அளவில் ஏற்றம். வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அதனால் நடுவே இரண்டு பல் பட்டைகள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வரும்படி பதித்திருப்பார்கள். இன்ஜினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவதொரு பல்லைக் கவ்வியபடியே இருக்கும். இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். உயரழுத்த ஜோடி சக்கரங்களைச் சுழற்ற, அதில் வேலை செய்துவிட்டு வரும் நீராவியே தாழ்வழுத்த ஜோடிக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். கெட்டிக்கார ஏற்பாடு! பல் பட்டை இல்லாத இடத்தில் உயரழுத்த ஜோடி மட்டுமே வேலை செய்யும். குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது, அங்கே வழக்கமாக இழுப்பது டீசல் இன்ஜின்.

தள்ளுவதற்குக் காரணம் எளிது: இணைப்புக் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருளாது, கீழே நிற்கும் இன்ஜின்மேல் சாய்ந்து நிற்கும். பெட்டிக்கொரு பிரேக்மேன் இருப்பதும் இதற்காகவே. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண்சரிவால் ரயில் நிற்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் டிக்கெட் எடுப்பவர்கள் பஸ்ஸையும் மனதில் வைத்திருங்கள்.