விற்பனை கூடுகிறது, கையில் பணம் இல்லை: நாங்கள் குறு நிறுவனமா, சிறு நிறுவனமா?

கேள்வி: திருப்பூரில் 40 மெஷின் போட்டு, துணி வாங்கி டி-சர்ட் தைத்து உள்நாட்டு பிராண்டுகளுக்கு அனுப்புகிறோம். மெஷின் மதிப்பு 60 லட்சம். விற்றுமுதல் 6 கோடி. 5 கோடியைத் தாண்டியதால் சிறு நிறுவனம் என்கிறார் நண்பர். பில் போட்டு 4 மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. விற்பனை கூடியும் சம்பளத்துக்குப் பணம் புரட்ட வேண்டியிருப்பது ஏன்?

பதில்: நண்பர் சொல்வது பழைய கணக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். இரண்டில் எது தாண்டினாலும் அடுத்த வகை. நிலம், கட்டடம் முதலீட்டில் சேராது. ஒரே பான் எண்ணில் உள்ள எல்லா யூனிட்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குறுதான்.

சரி, பணம் எங்கே போகிறது? மாதம் 50 லட்சத்துக்குச் சரக்கு, 4 மாதக் கடன். அப்படியென்றால் 2 கோடி எப்போதும் வெளியே நிற்கிறது. 45 நாளில் வந்தால் 75 லட்சம்தான் நிற்கும். மிச்சம் 1.25 கோடிக்கு 12 சதவீத வட்டி போட்டால் வருடம் 15 லட்சம். பீஸுக்கு எட்டணா குறைக்கச் சொன்னால் சண்டை போடுகிறோம், இதைக் கண்டுகொள்வதில்லை! விற்பனை கூடினால் வெளியே நிற்கும் தொகையும் கூடும்.

இங்கேதான் அந்த வகைப்பாடு உதவும். உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் புகார் கொடுத்தால் பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது. வருமான வரி விதிதான் சாதுவான வழி: கெடு தாண்டியும் தராத பாக்கியை, சரக்கு வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார். அதற்கு உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பதிவு 'உற்பத்தி' என்று இருக்கிறதா பாருங்கள்; 'வியாபாரம்' என்றிருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

அப்புறம், கடைசிப் பத்து ஆர்டர்களுக்கு ஆல்டர் பீஸ் (குறை இருந்து திரும்பச் சரிசெய்ய வேண்டிய பீஸ்) எத்தனை, பணம் வந்தது எத்தனை நாளில் என்று தனித்தனியாக எழுதுங்கள். பெரிய ஆர்டர் தருபவரே உங்களுக்கு நஷ்டம் தருபவராகவும் இருக்கலாம். அவரிடம் விலையைப் பேசும் முன் எத்தனை நாளில் பணம் தருவார் என்று பேசுங்கள்.