ஆஸ்திரேலியாவின் ஆறு காலனிகளும் ஒரே நாடானது பிரிட்டன் உத்தரவாலா?

இல்லை. அரசியல் சாசனத்தை எழுதியவர்களும் அதற்கு ஓட்டுப் போட்டவர்களும் அங்கே இருந்தவர்களே. லண்டன் செய்தது, சின்னச் சின்னத் திருத்தத்தோடு அதைச் சட்டமாக்கியது மட்டும்தான். நாட்டுப்பற்றுப் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் பத்து வருஷம் இழுத்தடித்தது பெரும்பாலும் சுங்கப் பணம்தான் என்பேன்.

1890 வாக்கில் ஒவ்வொரு காலனிக்கும் தனி நாடாளுமன்றம், தனித் தபால்தலை, தனிச் சுங்கம். விக்டோரியா உள்ளூர்த் தொழிலைக் காக்க இறக்குமதிக்கு வரி போட்டது; பக்கத்து நியூ சவுத் வேல்ஸோ தடையற்ற வணிகம் என்றது. நடுவே ஓடும் மர்ரி ஆற்றைத் தாண்டினால் சுங்கச் சோதனை. ரயிலிலும் அதே கதை. நியூ சவுத் வேல்ஸில் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம், விக்டோரியாவில் 5 அடி 3 அங்குலம், குயின்ஸ்லாந்தில் 3 அடி 6 அங்குலம். சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிறவர் எல்லையில் உள்ள ஆல்பரியில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். (நாடு ஒன்றான பிறகும் இது உடனே தீரவில்லை. மாறாமல் போக 1962 வரை காத்திருந்தார்கள்!)

1889-ல் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நியூ சவுத் வேல்ஸ் பிரதமர் ஹென்றி பார்க்ஸ் காலனிகளை ஒன்றாக்கும் பேச்சைத் தொடங்கினார். 1891-ல் சிட்னியில் சாசனத்தின் முதல் வரைவு தயாரானது. அதைக் காலனி நாடாளுமன்றங்கள் கிடப்பில் போட்டன. 1893-ல் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்த அதே ஆண்டு, மர்ரி கரையில் உள்ள கொரோவாவில் நடந்த கூட்டத்தில் ஜான் குயிக் என்ற வழக்கறிஞர் வேறு வழி சொன்னார்: பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், வரைவுக்கும் மக்களே ஓட்டுப் போடட்டும். அதன்பின் அரசியல்வாதிகளால் கிடப்பில் போடுவது அத்தனை சுலபமாக இல்லை.

1897–98-ல் அடிலெய்டு, சிட்னி, மெல்போர்ன் என மூன்று ஊர்களில் மாநாடு. குயின்ஸ்லாந்து வரவேயில்லை. மாநாட்டில் எழுந்த சிக்கலான கேள்வி இது: சுங்கம் மத்திய அரசுக்குப் போய்விட்டால் மாநிலங்கள் எதை வைத்துப் பிழைப்பது? டாஸ்மேனியாவின் பிராடன் ஒரு விதி கொண்டுவந்தார். சுங்க, கலால் வருமானத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மத்திய அரசு செலவழிக்கக் கூடாது, மிச்சம் மாநிலங்களுக்கு. கேட்க நியாயமாக இருந்தாலும் கணக்குப் போட்டால் உதைக்கும்: மத்திய அரசுக்கு 1 பவுண்டு வேண்டுமென்றால் 4 பவுண்டு வசூலிக்க வேண்டும். வரி ஏறத்தான் செய்யும். தடையற்ற வணிகம் பேசிய நியூ சவுத் வேல்ஸ்காரர்கள் இந்த விதிக்கு வைத்த பட்டப்பெயர் 'பிராடன் கறை'. போதாததற்கு, 13 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள தங்களுக்கும் இரண்டு லட்சம்கூட இல்லாத டாஸ்மேனியாவுக்கும் செனட்டில் (மேலவையில்) ஆளுக்கு 6 இடமா என்ற கோபம் வேறு.

1898 ஜூனில் வாக்கெடுப்பு. விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மூன்றிலும் ஜெயித்தது. நியூ சவுத் வேல்ஸில் ஆதரவு 71,595, எதிர்ப்பு 66,228. ஆனால் குறைந்தது 80,000 ஆதரவு வேண்டும் என்று அங்கே முன்கூட்டியே சட்டம் போட்டிருந்தார்கள். பெரும்பான்மை இருந்தும் தோல்வி.

1899 தொடக்கத்தில் ஆறு காலனிகளின் பிரதமர்களும் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். பிராடன் விதிக்குப் பத்தாண்டு வரம்பு; தலைநகர் நியூ சவுத் வேல்ஸில், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலாவது தள்ளி; அது அமையும் வரை நாடாளுமன்றம் மெல்போர்னில். கான்பெரா பிறந்தது இந்தப் பேரத்தில்தான். அந்த ஜூனில் நியூ சவுத் வேல்ஸ் 1,07,420-க்கு 82,741 என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் குயின்ஸ்லாந்தும் குறைந்த வித்தியாசத்தில் வந்தது.

கடைசியாக மேற்கு ஆஸ்திரேலியா. மற்ற மாநிலப் பொருள்களுக்கு ஐந்தாண்டு வரை, படிப்படியாகக் குறையும் சுங்கம் வசூலிக்க அதற்கு மட்டும் சலுகை. அப்படியும் தயங்கியபோது, தங்கச் சுரங்கப் பகுதிக்காரர்கள் 'எங்களைத் தனிக் காலனியாக்குங்கள்' என்று ராணிக்கு மனுப் போட்டார்கள். 1900 ஜூலை 31-ல் ஓட்டு நடந்து இணைந்தது. ஆனால் சட்டத்துக்கு ராணியின் ஒப்புதல் ஜூலை 9-லேயே கிடைத்துவிட்டதால், சாசன முகப்புரையில் இன்றுவரை அதன் பெயர் இல்லை. சேராமலே போன நியூசிலாந்தின் பெயர் மட்டும் சட்டத்தில் இருக்கிறது!

'மக்கள் ஓட்டு' என்றாலும் எல்லா மக்களும் இல்லை. பெண்கள் ஓட்டுப் போட்டது தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும். பூர்வகுடிகளை மக்கள்தொகையில் எண்ணக் கூடாது என்றே ஒரு பிரிவு, 1967-ல்தான் நீக்கினார்கள்.

1901 ஜனவரி 1-ல் நாடு பிறந்தது. 1933-ல் மேற்கு ஆஸ்திரேலியர்கள் மூன்றில் இரண்டு பங்கு பேர் பிரிந்துபோக ஓட்டுப் போட்டு லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். மத்திய அரசு கேட்காமல் இதில் தலையிட முடியாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 1935-ல் மனுவைத் திருப்பிவிட்டது.