டீச்சரைக் கேளுங்கள்: அண்ணனுக்கு நான் என்ன செய்வது?

கேள்வி: 1990ஆம் ஆண்டு இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் பதிவு முடித்து, உச்சப்பட்டி அகதிகள் முகாமில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பா போரில் இறந்துவிட்டார். ஷெல் அடியில் அம்மாவுக்கு ஒரு கால் போய்விட்டது. அப்போது அண்ணனுக்கு 14 வயது, அக்காவுக்கு 12, எனக்கு 5. அண்ணன் பெயிண்ட் வேலைக்குப் போனார். அக்கா வீட்டில் பூக்கட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்துக்கொண்டார். என்னை மட்டும் பி.காம். வரை படிக்க வைத்தார்கள். இன்று நான் கணக்கராக இருக்கிறேன். அண்ணனுக்குப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது. பணம் கொடுத்தால் இருவருமே வாங்குவதில்லை. "நீ நன்றாக இருந்தால் போதும்" என்கிறார்கள். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, முதலில் அந்த மூச்சு வாங்குவதைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பெயிண்ட் வேலைக்கு வரும் 14 வயதுப் பையன் கையில் யாரும் உடனே பிரஷ்ஷைக் கொடுத்துவிட மாட்டார்கள். பழைய சுவரைச் சுரண்டுவதும், பட்டி பார்த்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும்தான் அவன் வேலை. முகத்தில் துணி கட்டு என்று சொல்லக்கூட அந்தக் காலத்தில் ஆள் இருந்திருக்காது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பழைய எனாமல் பெயிண்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூளில் காரீயம் என்ற நச்சு உலோகமும் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற கட்டாய விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்குள் உங்கள் அண்ணன் எத்தனை சுவர் தேய்த்திருப்பார்!

தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உங்கள் முகாமுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே அழைத்துப் போங்கள். என்ன வேலை, எந்த வயதிலிருந்து என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் இடம் உண்டு. அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். ஒரு நாள் கூலி போய்விடும் என்று அண்ணன் மறுப்பார். அக்காவைச் சொல்லச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் அக்கா சொல்லி அவர் தட்டிய பேச்சு அதிகம் இருக்காது.

ஆனையூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது, முகாம் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட ஒரு பையனுக்கு எப்போதும் அவன் அண்ணன்தான் வருவான். அந்த அண்ணனுக்கே மீசை சரியாக முளைக்கவில்லை. கையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். பெயிண்ட் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருப்பான். நகக்கண்ணில் மட்டும் நீலம் அப்படியே இருக்கும். பேனாவை வாங்குவதற்கு முன் விரல்களைக் கைலியில் துடைத்துக்கொள்வான். ஒருமுறை தம்பியின் கணக்கு விடைத்தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, "தசமப் புள்ளியை இங்கே தவறாக வைத்துவிட்டான், டீச்சர்" என்றான். அவன் சொன்னது சரி. எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் போன பிறகு எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அவனும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவன்.

உங்கள் வீட்டுக் கணக்கை உங்களைவிட யார் போட முடியும்? 2021இல் உயர்த்திய பிறகுதான் முகாமில் அரசு உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய் என்று ஆனது. அதற்கு முன் 1,000, 750. இந்தப் பணத்தில் ஒரு பிள்ளை கல்லூரி முடிக்க முடியாது. அதிகாரிகள் வந்து ஆட்களைச் சரிபார்க்கும் கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும் என்பதால் வெளியூரில் நல்ல கூலி கிடைத்தாலும் அண்ணனால் தங்கிப் பார்க்க முடிந்திருக்காது. மீதிப் பணம் அவர் முதுகிலும் அக்காவின் விரலிலும் இருந்துதான் வந்தது.

ரொக்கத்தை நீட்டினால் வாங்க மாட்டார்கள். விட்டுவிடுங்கள். பலசரக்கு, மின் கட்டணம், அம்மாவின் மருந்து இவற்றை நீங்களே கட்டிவிடுங்கள். யாரிடமும் கேட்க வேண்டாம். அக்காவிடம் ஒன்றை மட்டும் உட்கார்ந்து கேளுங்கள்: அன்று பள்ளியை விட்டபோது எதை விட மனமில்லாமல் விட்டார்? படிப்புத்தான் என்றால், தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுத இன்றும் வழி இருக்கிறது. பிறகு பத்தாம் வகுப்பும் எழுதலாம். வயது அதற்குத் தடையே இல்லை. வேறு எதையாவது சொன்னால் அதைச் செய்யுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். முதல் தடவை அவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: என் பாட்டிக்கு 93 வயது. 1942இல் தம்பியைத் தூக்கிக்கொண்டு பர்மாவிலிருந்து நடந்து வந்ததாகச் சொல்கிறார். இது நடக்கக்கூடியதா?
- வாசகி, செல்லூர்

பதில்: நடந்ததுதான் அம்மா. 1941 டிசம்பர் 23இல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங்குக்கும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

என் அப்பாவை அப்படிக் கூட்டி வந்தவர் என் அத்தை. அப்பாவுக்கு 6 வயது, அத்தைக்கு 13. பாட்டி வழியிலேயே இறந்துவிட்டார். மதுரை வந்ததும் அத்தை சுங்குடி முடிச்சுக்கு உட்கார்ந்தார். வியாபாரி கொடுத்தனுப்பும் சேலையில், புள்ளி வைத்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. அந்தக் கூலியில்தான் அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். வயதான பிறகும் அத்தையின் கட்டைவிரல் நேராக நீளவில்லை.

உங்கள் பாட்டியிடம் இன்றே உட்காருங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யாரோடு கிளம்பினார்கள், எங்கே ரயில் ஏறினார்கள் என்று கேட்டுச் செல்போனில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: குடும்பத்துக்காக உழைக்கும் சிறுவர்களைப் புகழ்ந்து பள்ளி விழாக்களில் பேசுகிறார்களே, சரிதானா?
- ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: பிள்ளையைப் புகழுங்கள். அன்றே அந்த வீட்டுக்கும் போங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டவரை எந்தத் தொழிலிலும் கூலிக்கு வைக்கக் கூடாது. 18 வரை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. என்ன உதவித்தொகை கிடைக்கும், விடுதியில் இடம் உண்டா என்று விசாரித்துக் கொடுப்பது ஆசிரியரால் முடிகிற காரியம்.

கேள்வி: 1971 போரில் அப்பா இறந்தபோது பெரியக்காவுக்கு 16 வயது. மில் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. அதை அக்கா பெயருக்கே எழுதிக் கொடுக்கலாமா? "கடைசிவரை அத்தையை நாங்கள் பார்த்துக்கொள்வோம், எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை" என்கிறான் என் மகன்.
- வாசகர், மேலூர்

பதில்: எழுதிக் கொடுங்கள் ஐயா. உங்கள் மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். 70 வயதுக்குமேல் அக்கா யாருடைய நல்ல மனதையும் நம்பி இருக்க வேண்டாம். உடன்பிறந்தவருக்குப் பணம் வாங்காமல் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு, விற்பனைக்கான கிரயப் பத்திரத்தைவிடச் செலவு மிகக் குறைவு. இப்போதைய கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவோடு நிறுத்தாமல் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு அந்த வீட்டை அவர் யாருக்கு எழுதினாலும் சம்மதம் என்று மகன் எதிரிலேயே அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.